கூட்டி வைத்த அலை

ஜூன் 13

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. தொம்மைபுரம் துறைமுகம் முழுக்கப் பெயின்ட் வாசனை. காலையிலிருந்து விசைப்படகுகளின் கூரை மேல் ஏறி ஏறி முழங்கால் இரண்டும் கன்றிவிட்டன. கடைசியாக அண்ணன் படகு. மற்றவர்கள் படகையெல்லாம் முடித்துவிட்டு வந்ததால் அவனுக்குக் கோபம்.

"ஏட்டி ஜெனோ, போன வருசம் மாதிரி பாதி தூரத்துல கைய விரிச்சிராத. சங்கத்துல நாந்தான் உனக்காக வாக்குக் குடுத்திருக்கேன்."

அந்திரேயா அண்ணன் விசைப்படகு உரிமையாளர் சங்கத் தலைவனான பிறகு எல்லாவற்றையும் மைக் முன்னால் நிற்பதுபோலத்தான் பேசுகிறான். முடிந்ததைச் செய்வேன் என்றேன்.

ஐஸ் பிளாண்ட் மொட்டைமாடியில் நிற்கும் என் கோபுரத்திலிருந்து இணைய அலை கடலைப் பார்த்துப் போகிறது. படகுக் கூரையிலுள்ள தட்டு அதைப் பிடித்து உள்ளே வைஃபையாகக் கொடுக்கிறது. செல்போன் சிக்னல் செத்துப்போன பிறகும் ஆட்கள் வீட்டோடு பேசலாம், காற்று நிலவரம் பார்க்கலாம். இந்த அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் இவ்வளவு சக்திக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. கரைக்கும் கடலுக்கும் அதே வரம்புதான். அந்த வரம்புக்குள் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் என்னால் தர முடியும். இதை அண்ணனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

மதினி செசிலி சீலா மீன் குழம்பு வைத்து அனுப்பியிருந்தாள். கீழ்வீட்டிலிருந்து மாடிக்கு வருவதற்குள் ஆறிவிட்டது.

ஜூன் 16

படகுகள் போயின. மத்தியானத்துக்கு முன்பே அலை அறுந்துவிட்டது. திரும்பி வரும்போது கரை நெருங்கியதும் போன் மேல் போன். "பாதி தூரம்கூட வரலையே தாயி", "சும்மாவா கூரையில ஆணி அடிச்ச", இப்படி. சாயங்காலம் துறைமுகத்தில் அண்ணன் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சிரித்தான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஜூன் 17

அமைப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். சரியாகிவிட்டது.

ஜூன் 19

இப்படி ஒரு நாள் என் தொழிலில் வந்ததில்லை. இலங்கை எல்லைப் பக்கம்வரை போன படகுகளிலிருந்துகூடப் படம் விழுகிறது. ஒரு படகு டிரைவர் வலை இழுப்பதை அப்படியே வீட்டுக்குக் காட்டியிருக்கிறார். அவர் மனைவி துறைமுகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்ன வேலை செய்கிறார் என்று இன்றுதான் பார்த்தாளாம்.

அண்ணன் அடுத்த மாதம் சர்ச்சில் நடக்கும் சந்தியாகப்பர் திருவிழாவில் எனக்குப் பொன்னாடை போடப்போவதாக இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஜூன் 24

திரேஸ் போன் செய்தாள். ஊர் கிழக்குத்தாழை, இங்கிருந்து கடற்கரையோரமாகப் போனால் அடுத்த ஊர். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். அங்கே விசைப்படகு கிடையாது, சின்ன நாட்டுப்படகுகளான வள்ளங்கள்தான். வள்ளக்காரர்கள் சங்கம் என்னைப்போலவே ஒரு கோபுரம் வைத்து அவளை உட்காரவைத்திருக்கிறது. சின்னக் கருவிகள், சின்ன சக்தி. பேசவும் செய்தி அனுப்பவும் மட்டும்.

"ஒரு வாரமா வள்ளம் எதுவும் சரியா எடுக்க மாட்டேங்குட்டி. வருது, போகுது, வருது, போகுது. சானல் மாத்திப் பாத்துட்டேன். நீ ஒருக்க வந்து பாரேன்."

சரி என்றேன். ஒரு வாரமாக என்றால் எந்தத் தேதியிலிருந்து என்று மனது கணக்குப் போடத் தொடங்கியது. போட விடவில்லை.

ஜூன் 26

கிழக்குத்தாழைக்குப் போனேன். திரேஸ் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவள் அப்பா கஸ்பார் மாமா அப்போதுதான் கடலிலிருந்து வந்து திருக்கை அறுத்துக்கொண்டிருந்தார். "என்ன மவளே, பெரிய ஆளாயிட்டியாமே, தொம்மைபுரமே உன்னையத்தான் பேசுது" என்றார். அந்த ஊர் வள்ளக்காரர்களில் பாட்டு எடுத்தால் நிறுத்தாதவர் அவர். சாப்பிடும்போதும் இரண்டு வரி பாடினார். மகன் சுவக்கின், "அப்பா சோத்த முழுங்கிட்டுப் பாடுங்க" என்று சிரித்தான்.

கோபுரத்தில் நானே ஏறினேன். ஒயர் முனையில் பச்சை படிந்திருந்தது. இறக்கித் திரேஸிடம் காட்டினேன்.

"உப்புக்காத்து. இதான் கோளாறு. ஒயரை மாத்திருவோம்."

"இதுவாட்டி? போன மாசம் நல்லாத்தான இருந்துச்சு?"

"உள்ளுக்குள்ள அரிச்சிருக்கும்."

மாற்றிக் கொடுத்தேன். திரும்பும்போது பெட்டி நிறையக் கருவாடு கட்டிக் கொடுத்தாள்.

அந்தப் பச்சை எல்லாக் கடற்கரை ஒயரிலும் இருக்கும். என் கோபுரத்திலும் இருக்கிறது.

ஜூன் 28

திரேஸ்: "இன்னும் அப்படியேதான் இருக்கு." மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று அடங்கட்டும், பார்க்கலாம் என்றேன். காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அவளுக்கும் தெரியும். நான் சொன்னதால் ஒத்துக்கொண்டாள்.

ஜூலை 2

கஸ்பார் மாமாவுக்குக் கடலில் பக்கவாதம் வந்துவிட்டது.

ஜூலை 3

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தேன். சுவக்கின் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் சொன்னது: வலையை வள்ளத்துக்குள் இழுத்துக்கொண்டிருக்கும்போது அப்பா பாட்டை நடுவில் நிறுத்தினார். திரும்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. உடனே கருவியில் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறான். மணி அடிக்கிறது, அவள் எடுக்கிறாள், அவன் "அப்பாக்கு" என்கிறான், அறுந்துபோகிறது. திரும்பத் திரும்ப அதேதான். கரையில் திரேஸ் "அப்பாக்கு என்னலே, அப்பாக்கு என்னலே" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தால் பெரிய என்ஜின் பைபர் போட்டை எதிரே அனுப்பியிருப்பாள். ஆம்புலன்ஸ் கரையில் நின்றிருக்கும். எதுவும் தெரியவில்லை. சுவக்கின் எதிர்க்காற்றில் சின்ன என்ஜினோடு தன்னந்தனியாக அப்பாவை மடியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

உயிர் இருக்கிறது. வலது கையிலும் காலிலும் அசைவு இல்லை. பேச்சு இல்லை. ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்துக்கு நேரம் தாண்டிவிட்டது என்றாராம் டாக்டர்.

திரேஸ் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீ வந்து பாத்துட்டுப் போயும் இப்படி ஆயிட்டுட்டி. எனக்குத்தான் இந்த வேலை தெரியலை" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 4

17ஆம் தேதி எழுதிய சின்ன மாற்றம் என்னவென்று எழுதிவிடுகிறேன்.

கருவியின் அமைப்பில் எந்த நாடு என்று ஓர் இடம் இருக்கும். இந்தியா என்று கொடுத்தால் நம் வரம்புக்கு மேல் அது போகாது. நான் அதை மாற்றிப் பரிசோதனைக்கான அமைப்பில் போட்டேன். பூட்டு கழன்றது. சக்தியைக் கடைசிவரை ஏற்றினேன். படகுத் தட்டுகளின் அமைப்பையும் இங்கிருந்தே மாற்றலாம், அவற்றுக்கும் ஏற்றினேன். அலைவரிசையின் அகலத்தையும் கூட்டினேன், பக்கத்துச் சானல்களையெல்லாம் சேர்த்து விழுங்கும் அகலம். ஒரே அறையில் பலரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி மட்டும் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? கிழக்குத்தாழைக் கோபுரத்தின் காதில் என் சத்தம்தான் விழுந்திருக்கும், வள்ளத்தின் சத்தம் விழுந்திருக்காது.

விழுந்திருக்காது என்று எழுதுகிறேன். விழவில்லை. 26ஆம் தேதி அந்தக் கோபுரத்தில் ஏறியபோதே தெரியும்.

இதை எழுதிவிட்டும் இன்று சக்தியைக் குறைக்கவில்லை. படகுகள் வெளியே இருந்தன, பாதியில் குறைத்தால் என்ன ஆகுமோ என்று தள்ளிப்போட்டேன். படகுகள் திரும்பி வந்த பிறகும் குறைக்கவில்லை.

ஜூலை 8

அலைவரிசைகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்குத் திரேஸ் புகார் எழுதியிருக்கிறாள். யார் மேலும் இல்லை; வெளியிலிருந்து இடைஞ்சல் வருகிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லி. "வியாழக்கிழமை ஆபீசர் வாராராம். நீயும் கூட நில்லுட்டி. அவர் கேக்கிறதுக்கெல்லாம் உனக்குத்தான் பதில் சொல்லத் தெரியும்."

அண்ணனிடம் சொன்னேன். "ஒரு நாள்தான? அன்னைக்குக் குறைச்சு வச்சிரு" என்றான். தண்ணீர் மோட்டாரை அணைக்கச் சொல்வதுபோலச் சொன்னான்.

ஜூலை 10

விடியும்போதே குறைத்துவிட்டேன். நாடு: இந்தியா. பிறகு குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு கிழக்குத்தாழை போனேன்.

ஆபீசர் பெயர் குற்றாலிங்கம். தென்காசிப் பக்கம். அமைதியான மனிதர், வெயிலில் குடைகூடப் பிடிக்காமல் கையில் அலை அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு கடற்கரை முழுக்க நடந்தார். நான் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு நடந்தேன். கடலில் வேண்டுமென்றே நிறுத்தியிருந்த வள்ளத்திலிருந்து சுவக்கின் பேசினான். கண்ணாடிபோலத் தெளிவு.

"ஏரியா சுத்தமா இருக்கும்மா," என்றார் திரேஸிடம். "வெளிய இருந்து ஒண்ணும் வரலை. உங்க செட்டுலயே, இல்ல நீங்க வச்சிருக்கிற விதத்துலயே பாருங்க."

சங்கத்து ஆட்கள் சுற்றி நின்றார்கள். தலைவர் திரேஸைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னார்: "படிச்ச புள்ளன்னு நம்பி உக்கார வச்சோம். பெத்த தகப்பனுக்கே உதவலையே."

திரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், அவள் சேலை என் மேல் உரசும் தூரத்தில்.

குற்றாலிங்கம் தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வீடு வந்ததும் அண்ணன் வாசலிலேயே நின்றான். "காலைல இருந்து ஒரு படகும் கிடைக்கலை. ஆளுங்க என்னைய ஏசுதானுவ. அந்தாளு போயாச்சுல்லா?"

ஏற்றினேன். முழுக்க இல்லை, கொஞ்சம் குறைத்துத்தான் என்று எழுத வந்தேன். முழுக்கத்தான் ஏற்றினேன்.

ஜூலை 13

பூசைக்குப் போனேன். நற்கருணை நன்மை வாங்க எழுந்து போகவில்லை. மதினி செசிலி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜூலை 16

கொடியேற்றம். தெருவெல்லாம் சீரியல் பல்பு. பொன்னாடை போடுகிறவர்கள் பட்டியலில் என் பெயரை நோட்டீஸில் பெரிதாக அடித்திருக்கிறார்கள். 'கடலுக்கு இணையம் தந்த செல்வி ஜெனோவா'.

திரேஸைச் சங்கத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று மீன் ஏலக் கடையில் கேள்விப்பட்டேன். அவள் எனக்குச் சொல்லவில்லை.

ஜூலை 23

திரேஸ் வந்தாள். ஐஸ் பிளாண்ட் மாடிவரை ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஆபீசர் வந்த அன்னைக்கு எப்படி எடுத்துச்சு பாத்தியா ஜெனோ?"

"ம்."

"காலைல இருந்து. நீ எங்க கூட நின்ன நேரம் பூரா. நீ போயி கொஞ்ச நேரத்துல திரும்ப அறுந்து போயிட்டு. நான் வேலை போனப்புறம் வீட்டுல உக்காந்து இதையேதான் நெனச்சேன். முதல்ல நெனைக்கவே அசிங்கமா இருந்துச்சு. உன்னையப் போயி."

கீழே ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. 

"அன்னைக்குக் குறைச்சு வச்சிருந்தேன்" என்றேன்.

"அதுக்கு முந்தி?"

"கூட்டி வச்சிருந்தேன்."

"எங்க ஊர்க் கோபுரத்துல ஏறி ஒயர் மாத்துனியே, அப்ப தெரியுமா?"

"தெரியும்."

அடிப்பாள் என்று நினைத்தேன். "எங்க வீட்டுலதான சாப்பிட்ட" என்றாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். கூடவே இறங்கி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் இறங்கவில்லை.

ஜூலை 25

பொன்னாடை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 26

நேற்று மேடையில் அண்ணன் என்னைப் பற்றிப் பேசும்போது ஊரே கைதட்டியது. போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். இறங்கி வந்ததும் சர்ச் பின்னால் குழாயடியில் வாந்தியெடுத்தேன். மதினி வந்து தலையைப் பிடித்தாள். "வெயில் ஒத்துக்கலையா?" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே சொன்னேன்.

மதினி குழாயைத் திறந்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள். "உங்கண்ணனுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு பேரும் ஒரு வயித்துல பெறந்தவியதான்" என்றாள்.

ஜூலை 27

படகுகள் கரையில் இருக்கும் ஞாயிறு. குறைத்துவிட்டேன். இனிக் கூட்ட முடியாதபடி கடவுச்சொல்லை மாற்றி, அண்ணனுக்குத் தெரியாமல் வைத்தேன். தெரிந்து வந்துவிட்டான்.

"சங்கத்து மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? முந்தாநேத்துத்தான பொன்னாடை போட்டேன்!"

"கழட்டிக் குடுத்திருதேன்."

"வெளயாடாத. சட்டம் எழுதுனவன் என்னைக்காவது கடலுக்குப் போயிருக்கானா?"

"கஸ்பார் மாமா போயிருக்காவ."

அவன் கையை ஓங்கினான். மதினி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் இறக்கினான்.

ஜூலை 29

குற்றாலிங்கத்துக்குப் போன் செய்து நானே சொன்னேன். 

"அன்னைக்குத் தண்ணி பாட்டில் குடுத்தது நீங்கதானம்மா?"

"ஆமா சார்."

"சரி. வாரேன்."

ஆகஸ்ட் 1

வந்தார்கள். என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு, கருவியை முத்திரையிட்டு எடுத்துப்போனார்கள். விசாரணை நடக்குமாம். குற்றாலிங்கம் நான் நீட்டிய டீயை வாங்கவில்லை. திட்டவும் இல்லை. கிளம்பும்போது, "அந்தப் பிள்ளையிட்ட அத்தன பேர் முன்னால உன் செட்டுலதான் கோளாறுன்னு சொல்லிட்டு வந்தேனேம்மா" என்று மட்டும் சொன்னார். இங்கிருந்து நேராகக் கிழக்குத்தாழை சங்கத்துக்குத்தான் போனாராம்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. துறைமுகத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. என்னிடம் அழுத அந்த டிரைவர் மனைவி எதிரே வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கிழக்குத்தாழைக்காக இல்லை, இணையம் போய்விட்டதற்காக. எனக்கு எதுவானாலும் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 5

கிழக்குத்தாழை போனேன். திரேஸைத் திரும்ப உட்காரவைத்துவிட்டார்கள். அவள் உட்காரும் சங்கத்து அறைக்கு வெளியே நின்றேன். சுவக்கின் என்னைப் பார்த்ததும் துடுப்பை எடுத்துக்கொண்டு வந்தான். "எங்கப்பா பாட்டக் குடுடி" என்று கத்தினான். திரேஸ் இடையில் வந்து அவனைத் தள்ளினாள். எனக்காக இல்லை என்பது அவள் தள்ளிய விதத்தில் தெரிந்தது.

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். திரேஸ் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அத எங்கிட்ட கேக்காத. எங்கிட்ட இல்ல. காலைல வள்ளம் போற நேரம் நான் இங்க இருக்கணும். சுவக்கின் கடலுக்குப் போணும். அம்மாக்கு இடுப்பு முடியாது. அப்பா கைய நீட்டி மடக்கி விட ஆள் வேணும்னு டாக்டர் சொல்லியிருக்காவ. வருவியா, மாட்டியா?"

வருவேன் என்றேன்.

ஆகஸ்ட் 6

கஸ்பார் மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடது பக்கத்து வாய் மட்டும் சிரித்தது. "ம... ம..." என்றார். மவளே என்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நனைந்த கயிற்றின் கனம். விரல் விரலாக நீட்டி மடக்கினேன். அவர் அந்த ஒரு பக்கச் சிரிப்போடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8

சொன்னேன். எல்லாவற்றையும், ஒயர் மாற்றியதைக்கூட. கையை நீட்டிவிட்டுக்கொண்டே சொன்னேன், நிறுத்தினால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். முடித்தேன். அவர் இடது கையால் தன் வலது கை மணிக்கட்டைப் பிடித்து, என் மடியிலிருந்து மெல்ல இழுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 9

போனேன். கை தரவில்லை. கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 12

அதே. திரேஸ் அம்மா, "அவருக்கு இஷ்டமில்லம்மா, நீ போ" என்றார். நாளைக்கு வருகிறேன் என்றேன். என் கோபுரத்துக்குப் புதுக் கருவி வந்திருக்கிறது, வரம்புக்குள் வைத்துத்தான் ஓடப்போகிறது. பாதிப் படகுகள் என் தட்டுகளைக் கழற்றிவிட்டன. கழற்றியதை வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 17

திரேஸ் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே வள்ளங்களின் குரல் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகக் கேட்டது. அவள் நிமிரவில்லை.

ஆகஸ்ட் 20

இன்று போய் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தேன். கஸ்பார் மாமா வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி என் பக்கமாக நகர்த்தி வைத்தார். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எடுத்து, விரல்களை நீட்டிவிட ஆரம்பித்தேன்.